நிலக்கரி ஊரில் ஒரு புத்தர்

பிரான்சின் நடுப்பகுதியில், அலியே மாவட்டத்தில், நுவாயான் என்றொரு சிற்றூர். மக்கள்தொகை ஆயிரத்தை எட்டாது. சுற்றிலும் மேய்ச்சல் நிலம், வெள்ளை ஷரொலே மாடுகள். அந்த ஊரில் ஒரு பௌத்த பகோடா இருக்கிறது. தோட்டத்தில் பெரிய புத்தர் சிலையும். படத்தில் பார்த்தபோது எழுந்த கேள்விதான் இந்தத் தேடலுக்குக் காரணம்: கத்தோலிக்கக் கிராமத்துக்குப் புத்தர் எந்த வழியாக வந்தார்?

முதல் விடை பூமிக்கடியில் இருந்தது. நுவாயான் ஒரு நிலக்கரிச் சுரங்க ஊர். 1943இல் சுரங்கத்தை மூடினார்கள். தொழிலாளர்கள் பிழைப்புத் தேடிக் கிளம்ப, அவர்களுக்கென வரிசையாகக் கட்டிய வீடுகள் ஆளில்லாமல் கிடந்தன.

இரண்டாவது விடை வியட்நாமின் சைகோனில் இருந்தது. 1954 ஜூலையில் ஜெனிவா ஒப்பந்தம் கையெழுத்தானது. இந்தோசீனாவில் பிரெஞ்சு ஆட்சி முடிந்தது. பிரெஞ்சுக்காரரை மணந்த வியட்நாமியப் பெண்கள், விதவைகள், கலப்புமணப் பிள்ளைகள் எனப் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற பலர் கப்பலேறினார்கள். அவர்களில் பலர் பிரான்சை அதற்குமுன் கண்ணால்கூடக் கண்டதில்லை. அரசின் ஏடுகளோ அவர்களைத் 'தாயகம் திரும்பியவர்கள்' என்று பதிந்துகொண்டன! 1955 முதல் ஒரு பகுதியினரை நுவாயானில் குடியேற்றினார்கள். ஏன் நுவாயான்? அங்கே வீடுகள் காலியாக இருந்தன, அவ்வளவுதான்.

இந்தக் கூட்டத்தில் நம்மவர்களும் உண்டு. பிரெஞ்சு அரசின் 1881 ஆணைப்படி, புதுச்சேரியில் சாதி, சமயம் சார்ந்த தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்றவர்கள் புதுக் குடும்பப்பெயர் சூட்டிக்கொண்டார்கள். அவர்களில் பலர் காவல்துறையிலும் வரி அலுவலகங்களிலும் வேலை கிடைத்துச் சைகோன் போனார்கள். அங்கேயே மணமுடித்தவர்களும் இருந்தார்கள். அப்படிப் புதுச்சேரி வேர் கொண்ட குடும்பங்களும், இப்படி வந்தவர்களுக்காகப் பிரான்சில் அமைத்த முகாம்களுக்கு வந்துசேர்ந்தன.

அம்முகாம்களில் பெரியது தென்மேற்கே, லோத் ஆற்றங்கரையில், சேந்த்-லிவ்ராத்தில் இருந்தது. வெடிமருந்துத் தொழிற்சாலை ஆட்களுக்காக 1939 வாக்கில் எழுப்பிய தற்காலிகக் கொட்டகைகள். 1956 ஏப்ரலில் அங்கே வந்திறங்கிய சுமார் 1,160 பேரில் 740 பேர் குழந்தைகள். கொட்டகைக்குள் கரி அடுப்பு, வெளியே பொதுக் கழிப்பறை. தாய்மார்கள் கூம்புத் தொப்பி அணிந்து, சுற்றுவட்டாரத் தோட்டங்களில் குனிந்தபடி பீன்ஸ் பறித்தார்கள். பிள்ளைகளும் உடன் போனார்கள். கொட்டகையோரத் துண்டு நிலத்தில் வள்ளைக்கீரையும் புதினாவும் முளைத்தன. ஒரு கொட்டகை தேவாலயமானது, இன்னொன்று பகோடா.

1959இல் வந்த ஓர் ஆணையை நினைத்தால்தான் எனக்கு மனம் ஆறவில்லை. குளிர்பதனப் பெட்டி, கார், தொலைக்காட்சி என வசதியின் அடையாளம் தென்பட்டால் முகாமில் தங்கும் உரிமை போய்விடும். முன்னேறினால் வெளியேற்றம்! வறுமையை நிபந்தனையாக்கிவிட்டு, 'இவர்கள் ஏன் ஊரோடு ஒட்டவில்லை' என்று கேட்பதில் என்ன நியாயம்? தற்காலிகம் என்று தொடங்கிய கொட்டகை வாழ்க்கை அரை நூற்றாண்டு நீடித்தது. இந்த நூற்றாண்டில்தான் கொட்டகைகளை இடித்துப் புதுவீடுகள் கட்டினார்கள். நினைவுக்காகச் சிலவற்றை மட்டும் விட்டுவைத்தார்கள்.

நுவாயானின் கதை வேறு திசையில் போனது. 1960களில் சுரங்க வீடுகளைக் குடியிருந்தவர்களே விலைக்கு வாங்க முடிந்தது. சொந்தச் சுவர், சொந்தத் தோட்டம். வேலைக்காக இளையவர்கள் நகரங்களுக்குப் போனாலும் திரும்பிவர வீடு இருந்தது. 1980களில் பகோடா எழுந்தது. அயலூரில் காலூன்றுவதற்கு மொழி, உணவு, பழக்கம் என ஆயிரம் காரணம் சொல்கிறார்கள். இந்த இரண்டு ஊர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எனக்கு முதலில் தெரிவது வீட்டுப் பத்திரம்தான்.

புதுச்சேரி, காரைக்கால் பக்கம் 'சைகோன் தாத்தா' இருந்த வீடு உங்களுடையது என்றால், பழைய பெட்டியைத் திறந்து கடவுச்சீட்டுகளையும் படங்களையும் எடுத்துப் பாருங்கள். உறவில் யார் பிரான்சுக்குக் கப்பலேறினார்கள், எந்த ஊரில் இறங்கினார்கள் என்று பெரியவர்களிடம் இப்போதே கேட்டு எழுதிவையுங்கள்.