அபிமானமும் நியாயமும்

திண்டுக்கல் மலைக்கோட்டையை 1755ஆம் ஆண்டில் ஹைதர் அலி தம் பொறுப்பில் கொண்டார். 1790இல் ஆங்கிலேயர் அதைக் கைப்பற்றினர். 1792இல் ஏற்பட்ட சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திண்டுக்கல் சீமை முழுவதும் கும்பெனியார் வசமாயிற்று. அன்று தொட்டு 1947 வரை, இலண்டனில் எவர் ஆள்கிறார் என்பது குடகனாற்றுக் கரை உழவனின் வரிச்சுமையையே தீர்மானிக்கத்தக்க செய்தி. ஆயினும், அதைப் பற்றி வாய் திறக்க அவனுக்கு உரிமை இருந்ததில்லை. இன்றோ ஆட்சி போய் முக்கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. பேச்சு மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது. தாடிக்கொம்பில் பிரிட்டிஷ் அரசியல் பேசப்படுகிறது என்றால் வாசகர்கள் வியக்கக்கூடும். அந்தப் பேச்சைக் கொண்டுவந்து சேர்த்தது கால்பந்து.

சனிக்கிழமை இரவுகளில், இஷாத் தொழுகைக்குப் பின், எங்கள் தெரு முனையில் ஒரு சபை கூடும். இங்கிலாந்தில் பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கும் ஆட்டம், நமக்குக் கோடையில் ஏழரை மணிக்கும் குளிர்காலத்தில் எட்டரை மணிக்கும் வரும். கைப்பேசியே இவர்களின் மைதானம். லிவர்பூல் அணியின் அபிமானி ஒருவர்; அர்ஸனல் அபிமானி ஒருவர்; மான்செஸ்டர் யுனைடெட் அணிக்காக உயிரை விடுபவர் ஒருவர். திண்டுக்கல் பள்ளியொன்றில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற கிறித்தவ நண்பர் எங்கள் நடுவர். எந்த அணியையும் சாராத ஒரே ஆள் நான். “ஹஜ்ரத்துக்கு ஒரு டீமும் கிடையாது, அதனாலே நியாயம் சொல்லலாம்” என்று என்னை உட்கார வைத்துவிடுவார்கள்.

ஆட்ட இடைவேளையில் தேநீர் வரும்; தேநீரோடு அரசியலும் வரும். கன்சர்வேடிவ் கட்சி 2010 முதல் 2024 வரை பதினான்கு ஆண்டுகள் ஆட்சி செய்தது. அதற்குள் ஐந்து பிரதமர்கள். அவர்களுள் லிஸ் டிரஸ் என்ற அம்மையார் 2022இல் பதவியில் இருந்தது 49 நாட்களே. “இது எங்க மான்செஸ்டர் மேனேஜர் கதையாவுல்ல இருக்கு” என்று அந்த அணியின் அபிமானியே கூறிச் சிரிப்பார். 2013இல் பெர்குசன் ஓய்வுபெற்ற பிறகு அந்த அணிக்கு வந்துபோன மேலாளர்களை எண்ண அவருக்கு இரு கைகள் போதுவதில்லை.

2024 ஜூலை 4ஆம் நாள் நடந்த பொதுத்தேர்தலில் தொழிற்கட்சி 650 இடங்களில் 411ஐ வென்றது. பெற்ற வாக்குகளோ நூற்றுக்கு ஏறத்தாழ 34 மட்டுமே. நூற்றுக்கு 14 வாக்குகள் பெற்ற ரிஃபார்ம் கட்சிக்குக் கிடைத்தவை 5 இடங்கள். நூற்றுக்கு 12 பெற்ற லிபரல் டெமாக்ரட் கட்சிக்கோ 72. இக்கணக்கு புரியாமல் இளைஞர்கள் திகைத்தபோது உடற்பயிற்சி ஆசிரியர் விளக்கினார்: “இது 650 தனித்தனி ஆட்டம் தம்பி. ஒரு ஆட்டத்திலே பத்து கோல் போட்டாலும் ஒரு வெற்றிதான். ஒரே கோலிலே ஜெயிச்சாலும் அதே ஒரு வெற்றிதான். ஊரெல்லாம் நல்லா ஆடி எல்லா இடத்திலும் ஒரு கோலிலே தோத்தவன் கதி என்ன?” நம் நாட்டு மக்களவைத் தேர்தலும் இதே முறையில் நடப்பதே என்று நான் நினைவூட்டினேன். ஆங்கிலேயர் விட்டுச்சென்றவற்றுள் பந்தும் உண்டு, இந்த வாக்குமுறையும் உண்டு.

அந்தத் தேர்தல் முடிவன்று அர்ஸனல் நண்பர் எல்லாருக்கும் மிட்டாய் வழங்கினார். காரணம் கேட்டேன். புதிய பிரதமர் கியர் ஸ்டார்மர் அர்ஸனல் அபிமானியாம்! முந்தைய பிரதமர் ரிஷி சுனக் சவுத்தாம்ப்டன் அணிக்காரராம். “நம்ம அணிக்காரர் வந்துட்டார் ஹஜ்ரத், இனி எல்லாம் நல்லா நடக்கும்” என்றார். நான் ஒன்று கேட்டேன்: ஜெரமி கார்பினும் அர்ஸனல் அபிமானிதானே? ஸ்டார்மருக்கு முன் தொழிற்கட்சிக்குத் தலைமை தாங்கிய அவர், அக்கட்சியால் விலக்கப்பட்டு, அர்ஸனல் மைதானம் அமைந்துள்ள இஸ்லிங்டன் பகுதியின் வடக்குத் தொகுதியில் சுயேச்சையாக நின்று, தம் பழைய கட்சியையே தோற்கடித்தார். ஒரே அணிக்காகக் கைதட்டும் இருவர் அரசியலில் எதிரெதிரே நின்றனர். கழுத்தில் சுற்றிய சிவப்புத் துண்டு, நெஞ்சில் உள்ள கொள்கையைக் காட்டித் தருவதில்லை.

அர்ஸனல் நண்பரின் மகிழ்ச்சிக்குப் பின்னால் வேறொரு காரணமும் இருந்தது. அவருடைய தங்கை செவிலியர் பயிற்சி பெற்றவர். 2024 மே மாதம், முதியோரைப் பராமரிக்கும் பணிக்காக வட இங்கிலாந்து சென்றார். நான்கு வயது மகனைத் தாயாரிடம் விட்டுச் சென்றார். உடன் அழைத்துச் செல்ல வழியில்லை. அவ்வாண்டு மார்ச் 11ஆம் நாள் முதல், பராமரிப்புப் பணிக்குப் புதிதாக வருவோர் கணவன், மனைவி, மக்களை அழைத்துவரக் கூடாது என்று கன்சர்வேடிவ் அரசு தடை விதித்திருந்தது. ஆட்சி மாறினால் தடை நீங்கும் என்பது அக்குடும்பத்தின் நம்பிக்கை. வழங்கப்பட்ட மிட்டாயில் அந்த நம்பிக்கையின் இனிப்பும் கலந்திருந்தது.

அதே மாதம் 29ஆம் நாள், லிவர்பூலுக்கு வடக்கே கடலோரத்தில் உள்ள சவுத்போர்ட் என்னும் ஊரில், மூன்று சிறுமியர் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டனர். கொன்றவன் அண்மையில் வந்திறங்கிய முஸ்லிம் அகதி என்று பொய்ச்செய்தி பரவியது. அவனோ பிரிட்டனின் கார்டிஃப் நகரிலேயே, ருவாண்டா நாட்டுப் பெற்றோருக்குப் பிறந்த பதினேழு வயதினன். உண்மை வெளிவருமுன் பொய் தன் வேலையைத் தொடங்கிவிட்டது. மறுநாள் மாலை அவ்வூர்ப் பள்ளிவாசல் தாக்கப்பட்டது. கலவரம் பல நகரங்களுக்குப் பரவியது. நண்பரின் தங்கை சில நாட்கள் வெளியே செல்ல அஞ்சியிருந்தார். பக்கத்து வீட்டு ஆங்கிலேய முதியவர் ஒருவர் கடை வரை துணைக்கு வந்தார் என்று அவர் அனுப்பிய செய்தியை நண்பர் சபையில் படித்துக் காட்டினார். சவுத்போர்ட் பள்ளிவாசலின் இடிந்த சுவரை மறுநாளே அவ்வூர் மக்கள் கூடி மீண்டும் கட்டினர் என்பதையும் நன்றியோடு குறிப்பிட வேண்டும்.

லிவர்பூல் நண்பர் கொதித்தார். “எங்க சலாஹ் கோல் போட்டா தலையிலே தூக்கி வைக்கிறாங்க, அவர் சுஜூது செஞ்சா கை தட்டுறாங்க. பக்கத்து ஊர்லே பள்ளிவாசலை உடைக்கிறாங்க. இது என்ன நியாயம்?” என்றார். எகிப்து நாட்டு முஹம்மது சலாஹ் 2017இல் லிவர்பூல் அணியில் சேர்ந்தார். அதன் பின்பு அவ்வட்டாரத்தில் வெறுப்புக் குற்றங்கள் 16 விழுக்காடு குறைந்தன என்று 2021இல் வெளிவந்த ஆய்வொன்று கூறுகிறது. இது சிறிய செய்தி அன்று. ஆனால் அபிமானத்தின் மறுபக்கமும் உண்டு. 2021 ஜூலை 11ஆம் நாள் ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தில் ராஷ்ஃபோர்ட், சாஞ்சோ, சாக்கா ஆகிய மூன்று கறுப்பின இளைஞர்களின் பெனால்ட்டி உதைகள் கோலாகவில்லை. அன்றிரவே இனவெறி வசைகள் அவர்கள்மேல் பொழிந்தன. கோலுக்காகப் பிறந்த அன்பு, கோல் தவறியதும் இறந்தது. அத்தகைய அன்பை நம்பி ஒரு சமுதாயம் வாழ முடியுமா?

நண்பரின் நம்பிக்கைக்கு 2025 மே மாதத்தில் சோதனை வந்தது. குடியேற்றத்தைக் கட்டுப்படுத்தும் திட்டங்களை ஸ்டார்மர் அரசு வெளியிட்டது. நாடு அந்நியர்களின் தீவாகிவிடும் என்ற கருத்துப்பட அவர் பேசினார். அடுத்த மாதமே அச்சொல்லுக்காக வருந்துவதாகவும் கூறினார். ஜூலை 22 முதல், பராமரிப்புப் பணிக்கு வெளிநாடுகளிலிருந்து புதிதாக ஆள் எடுக்கும் வழியே அடைபட்டது. நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்குரிய காலத்தை ஐந்தாண்டிலிருந்து பத்தாண்டாக்கும் யோசனையும் அத்திட்டங்களில் இருந்தது. குடும்பத்தை அழைப்பதற்கான தடை நீங்கவில்லை. முந்தைய அரசு போட்ட பூட்டின்மேல், அடுத்த அரசு இன்னொரு பூட்டைப் போட்டது. அன்றைய சபையில் அந்தச் சிறுவன் மாமனின் மடியில் உறங்கிக்கொண்டிருந்தான். ஆட்டத்தில் அர்ஸனல் கோல் போட்டபோதுகூட நண்பர் எழவில்லை. “யாரைத்தான் ஆதரிக்கிறது ஹஜ்ரத்?” என்று மட்டும் கேட்டார்.

அக்கேள்விக்கு என் விடை இதுதான். அரபு மொழியில் ‘அஸபிய்யா’ என்றொரு சொல் உண்டு. கட்டுதல், பிணித்தல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்தது. வாரிசுரிமைச் சட்டம் பயிலும் மதரஸா மாணவர்கள் தந்தைவழி உறவினரை ‘அஸபா’ என்று படிப்பார்களே, அதுவும் இவ்வேரின் கிளையே. பேரறிஞர் இப்னு கல்தூன் 1377இல் எழுதிய தம் முகத்திமாவில், ஆட்சிகளை எழுப்பும் ஆற்றலே இந்தக் கூட்டப்பற்றுதான் என்று விரிவாக ஆராய்ந்தார். அதே சொல் மார்க்கப் போதனையில் கண்டனத்துக்கும் உரியதாகிறது. தன் மக்களை நேசிப்பது பழியன்று. அவர்கள் அநீதி இழைக்கும்போது அதற்குத் துணைநிற்பதே பழி. பெரியோர் வகுத்த எல்லைக்கோடு இது. வள்ளுவரும் நடுவு நிலைமைக்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார்.

பந்தாட்டத்தில் காரணமில்லாத அபிமானம் குற்றமில்லை. தம் அணி ஆட்டக்காரர் விழுந்தால் அது எதிரியின் தவறு; எதிரி விழுந்தால் அது நடிப்பு! இதனால் எவர் குடியும் கெடுவதில்லை. அதே கண்ணோடு வாக்குச்சாவடிக்குள் நுழைந்தால், எங்கோ ஓர் ஊரில் தாயும் பிள்ளையும் பிரிந்திருக்க நேரும். கட்சி என்பது பிறப்பிலிருந்து இறப்பு வரை சுமக்கவேண்டிய அணிச்சட்டை அன்று. ஒவ்வொரு செயலையும் தனித்தனியே எடுத்து நிறுக்க வேண்டும். நன்றெனில் நன்று, தீதெனில் தீது. 2024 தேர்தலில் ஸ்ட்ராட்ஃபோர்டு அண்ட் போ தொகுதியில் உமா குமரன் என்னும் ஈழத்தமிழ்க் குடும்பத்துப் பெண்மணி வென்று பாராளுமன்றம் புகுந்தார். நமக்கெல்லாம் மகிழ்ச்சி. ஆனால் நம்மவர் என்ற மகிழ்ச்சி, என்ன செய்தார் என்ற கேள்வியை மூடிவிடக் கூடாது. அவரும் அதையே விரும்புவார் என நம்புகிறேன்.

மான்செஸ்டர் நண்பர் இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டுத் தந்தார். 2020இல் பெருந்தொற்றின்போது, ஏழை மாணவர்களுக்குக் கோடை விடுமுறையிலும் உணவு உதவி வேண்டும் என்று அவர் அணியின் ராஷ்ஃபோர்ட் பாராளுமன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும் கடிதம் எழுதினார். முதலில் மறுத்த போரிஸ் ஜான்சன் அரசு ஜூன் 16ஆம் நாள் இணங்கியது. ஏறத்தாழ 13 இலட்சம் குழந்தைகள் பயன்பெறத் தக்க ஏற்பாடு அது. 1956இல் காமராசர் காலத்திலும், 1982இல் எம்.ஜி.ஆர். காலத்திலும், 2022இல் காலை உணவாகவும் பள்ளியில் சோறு கண்ட நம் தமிழகத்துக்கு இதன் அருமை விளங்கும். அந்த இளைஞர் எந்தக் கட்சியின் கொடியையும் பிடிக்கவில்லை. எந்தக் கட்சி ஆண்டாலும் பசி பசிதான் என்றார். தாமே பசித்து வளர்ந்த பிள்ளை அவர்.

நம் வீடுகளிலும் பிள்ளைகள் ஏதேனும் ஓர் அணிக்காகக் கைதட்டுகிறார்கள். தட்டட்டும், அந்த உற்சாகம் இளமைக்கு அழகு. அவர்களோடு அமர்ந்து ஆட்டம் பார்க்கும் பெரியவர்கள் ஒன்று செய்யலாம். எதிரணிக்காரன் நல்ல கோல் போட்டால், “நல்ல கோல்!” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். தம் அணி செய்த தவறைத் தவறு என்று சொல்லப் பழகிய நாவுக்கு, நாளை தம் கட்சியின் தவறைச் சொல்வதும், அதற்கு அடுத்த நாள் தம் கூட்டத்தின் தவறைச் சொல்வதும் எளிதாகும்.