அம்மா தூங்கும் தளத்தில் ஒரு நெருப்பு

பெல்லட் ஸ்டவ்வில் சமைக்க முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏன்னா எங்க வீட்டில் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி அதுதான். அது குளிர் நாடுகளில் வீட்டைச் சூடாக்கும் அடுப்பு. மரத்தூளை அழுத்தி, சுண்டுவிரலை விட மெல்லிசா, குட்டிக் குட்டித் துண்டுகளாக ஆக்கியிருப்பார்கள். அதுதான் பெல்லட். பசை எதுவும் தேவையில்லை. அழுத்தும்போது வரும் சூட்டில் மரத்திலேயே இருக்கும் லிக்னின் இளகி ஒட்டிக்கொள்ளும்.

அக்காவும் அத்தானும் இருப்பது அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில். ஜனவரியில் அக்காவுக்குப் பிரசவம், அம்மா டிசம்பரில் கிளம்புவதாகத் திட்டம். அம்மாவுக்கு ஒதுக்கிய அறை பேஸ்மென்ட்டில், அதாவது தரைக்குக் கீழே இருக்கும் தளத்தில். அந்தத் தளம் ஐஸ் பெட்டி மாதிரி இருக்கும் என்பதால், அங்கேயே ஒரு பெல்லட் ஸ்டவ் வைக்க அத்தான் முடிவு செய்தார். "மாப்ள, நீ மெக்கானிக்கல்தான, ஒரு தடவ பாத்துச் சொல்லு" என்று மேனுவலை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். செமஸ்டர் பாடத்தைக்கூட நான் அவ்வளவு கவனமாகப் படித்ததில்லை.

ஸ்டவ் வேலை செய்யும் விதம் எளிது. மேலே ஒரு தொட்டி, அதில் பெல்லட். ஒரு சின்ன மோட்டார் திருகைச் சுற்ற, பெல்லட் கொஞ்சம் கொஞ்சமாக எரியும் கிண்ணத்தில் விழும். நம்ம ஸ்க்ரூ கன்வேயரேதான். ஒரு ஃபேன் புகையை வெளியே தள்ளும், இன்னொன்று சூடான காற்றை அறைக்குள் ஊதும். ஒரு மூட்டை 18 கிலோ. கிலோவுக்குச் சுமார் 4.7 யூனிட் வெப்பம் என்று வைத்தால், மூட்டைக்கு 85 யூனிட். 80 சதவீதம் வீட்டுக்குள் வந்தால்கூட, ஒரே மூட்டை 24 மணி நேரம் கிட்டத்தட்ட 2.8 கிலோவாட் தரும். கணக்கு எனக்கே பிடித்திருந்தது.

பிரச்சினை காற்றில்தான். "வெளியிலேர்ந்து காத்துக் குழாய் எதுக்கு மாப்ள? சுவத்துல இன்னொரு ஓட்டை. இவ்ளோ பெரிய பேஸ்மென்ட்ல காத்துக்கா பஞ்சம்?" என்றார் அத்தான். கேட்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா குளிர்காலத்தில் வீட்டின் சூடான காற்று மேலேறி மாடி இடுக்குகள் வழியாக வெளியே போகும். அந்த இழப்பை ஈடுகட்ட வீடு கீழேயிருந்து காற்றை உறிஞ்சும். வீட்டிலேயே அழுத்தம் குறைந்த இடம் பேஸ்மென்ட்தான். போதாததற்குத் துணி உலர்த்தும் மெஷினும் அங்கேயே இருந்து காற்றை வெளியே தள்ளுகிறது. நெருப்புக்கும் மெஷினுக்கும் காற்றுக்கு இழுபறி வந்தால், வெளியே போக வேண்டிய புகை உள்ளே திரும்பலாம். அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கும். அதற்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது.

வாயால் சொன்னால் கேட்கிற ஆள் இல்லை அத்தான். அதனால் ஓர் ஊதுபத்தி கொளுத்தச் சொன்னேன். மெஷினை ஓடவிட்டு, பேஸ்மென்ட் ஜன்னல் இடுக்கில் பத்தியைப் பிடித்தார். வீடியோ காலில் நானும் பார்த்தேன், புகை ஒரே கோடாக உள்பக்கம் பாய்ந்தது. கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "சரி, குழாய் போட்டுரலாம்" என்றார்.

புகைக்குழாய் இன்னொரு தலைவலி. பேஸ்மென்ட் சுவரில் பெரும்பகுதி மண்ணுக்குள் இருப்பதால் நேராக வெளியே விட முடியாது. அறைக்குள்ளேயே சில அடி மேலே ஏற்றி, மண் மட்டத்துக்கு மேலே, பனி குவியும் உயரத்தையும் தாண்டி வெளியே எடுக்க வேண்டும். பக்கத்து ஜன்னலிலிருந்து 4 அடி தள்ளி இருக்க வேண்டும். இந்தச் செங்குத்துக் குழாயால் ஒரு லாபமும் உண்டு. கரன்ட் போனால் ஃபேன் நின்றுவிடும், ஆனால் கிண்ணத்தில் மிச்சம் புகைந்துகொண்டிருக்கும். உயரமான குழாய் இருந்தால் சூடான புகை தானாகவே மேலேறிப் போய்விடும். பனிப்புயலில் அங்கேயும் கரன்ட் போகும். நம்ம ஊர் இன்வர்ட்டர் மாதிரி ஒரு சின்ன பேக்கப்பும் வாங்கினார்கள்.

அத்தான் தானே மாட்டிவிடலாம் என்று நினைத்திருந்தார். அதற்கு மட்டும் நான் ஒத்துக்கொள்ளவே இல்லை. நகராட்சி அனுமதி வாங்கி, இதையே தொழிலாகச் செய்கிறவர்தான் வந்து மாட்டினார். ஒவ்வொரு இணைப்பையும் சீல் செய்தார். ஸ்டவ் ஹாலில், அம்மாவின் அறைக்கு வெளியே. அறைக்குள் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம், ஹாலில் இன்னொன்று. அம்மா போவதற்கு முன்பே டெஸ்ட் பட்டனை அழுத்தி, அந்தச் சத்தத்தை எனக்குப் போனில் கேட்கவைத்தார் அத்தான். இங்கே ஹாஸ்டலில் ரூம்மேட் எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

சூடு பேஸ்மென்ட்டோடு நின்றுவிடுகிறதாம். கான்கிரீட் சுவர் பாதியைக் குடித்துவிடுகிறது, மாடிக்குக் கொஞ்சம்தான் போகிறது, அங்கே இன்னும் ஆயில் ஹீட்டர்தான். இதை எதிர்பார்த்ததுதான். அம்மாவின் அறை 21 டிகிரியில் இருக்கிறது, எனக்கு அது போதும்.

போன வாரம் அம்மா போன் பண்ணினார். பாப்பா துணியை ஸ்டவ் மேல காயப்போடலாமா என்று கேட்டார். கூடவே கூடாது, 3 அடியாவது தள்ளி என்றேன். இப்போது டேப் வைத்து அளந்து கொடி கட்டியிருக்கிறார்கள்.