கட்டிக்குள் நிற்கும் காவல் செல்கள்

மூளைக்கட்டிகளில் மிகக் கொடியவற்றுள் ஒன்று கிளியோபிளாஸ்டோமா. அதன் ஸ்லைடை மைக்ரோஸ்கோப்பில் வைத்ததும் கண் புற்றுச்செல்களைத்தான் தேடும். கறுத்துப் பெருத்த உட்கரு, செத்த திசுவைச் சுற்றி நெருங்கி நிற்கும் செல்வரிசை, தடித்த ரத்தக்குழாய்: இவை போதும், நோயின் பெயரை ஊகித்துவிடலாம். ஆனால் நோயியல் மருத்துவரின் வேலை அங்கே முடியக்கூடாது.

அதே திசுவில் 4 மைக்ரான் தடிமனில் இன்னொரு சீவல் எடுத்து ஐபா-1 சாயம் ஏற்றுவோம். மூளையின் நோயெதிர்ப்புச் செல்களான மைக்ரோகிளியாவும், ரத்தவழி வந்த மேக்ரோபேஜ்களும் பழுப்பாகத் தெரியும். சில கட்டிகளில் மூன்று செல்லுக்கு ஒன்று இவைதான்.

ஸ்லைடை ஓரத்திலிருந்து மெல்ல உள்ளே நகர்த்துவேன். நலமான பகுதியில் மைக்ரோகிளியா சிறிய உடலும் கிளைத்த மெல்லிய கைகளுமாக, இடம் பிரித்துக்கொண்டு நிற்கும். உள்ளே போகப்போகக் கைகள் குட்டையாகும், உடல் பருக்கும்; நடுவில் வெறும் உருண்டைகள். 1919இல் ஸ்பெயினின் ரியோ ஒர்த்தேகா வெள்ளிச் சாயத்தால் இந்தச் செல்களைத் தனி இனமாகப் பிரித்துக் காட்டியபோதே இந்த உருமாற்றத்தையும் விவரித்தார்.

இந்தக் காவல் செல்களே கட்டிக்கு உதவுவதைப் பார்த்தால், வேலியே பயிரை மேய்கிறது என்று சொல்லத் தோன்றும். அது சரியல்ல. புற்றுச்செல்கள் சிஎஸ்எஃப்-1 என்ற புரதத்தைச் சுரந்து இவற்றை அழைக்கின்றன. வந்தவை, புண் ஆற்றும்போது செய்யும் வேலையையே இங்கும் செய்கின்றன: வளர்ச்சிக் காரணிகளைச் சுரக்கின்றன, புற்றைத் தாக்கும் டி-செல்களின் வேகத்தை அடக்குகின்றன, செல்களுக்கிடையே உள்ள பின்னலை நொதியால் அரிக்கின்றன. அரித்த வழியில் புற்று பரவுகிறது.

2013இல் எலிகளில், இந்தச் செல்கள் அந்த அழைப்பைப் பெறும் சிஎஸ்எஃப்-1 ஏற்பியை ஒரு மருந்தால் மறித்தபோது கட்டி சுருங்கியது. அங்கே மேக்ரோபேஜ்கள் சாகவில்லை, குணம் மாறின. ஆனால் அதே ஏற்பியை மறிக்கும் இன்னொரு மருந்தை, கட்டி திரும்ப வந்த நோயாளிகளுக்குத் தனியாகக் கொடுத்தபோது பலன் கிடைக்கவில்லை. 2016இல் அந்த முடிவு வெளியானது.

ஸ்லைடுக்குத் திரும்பினால், பழுப்பாகத் தெரிவதெல்லாம் ஒன்றல்ல. மைக்ரோகிளியாவின் பிறப்பிடம் கருவின் மஞ்சள்கருப் பை. ரத்தவழி வந்தவற்றின் பிறப்பிடம் எலும்பு மஜ்ஜை. ஐபா-1 இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாது. அதனால்தான் எங்கே, எந்த வடிவில், எவ்வளவு அடர்த்தியாக நிற்கின்றன என்பதையும் அறிக்கையில் எழுதுகிறேன். இந்தச் செல்களைத் திருப்பிவிடும் மருந்து வரும்போது, அது எந்த நோயாளிக்குப் பொருந்தும் என்று அறிய இந்தப் பதிவுகள் தேவைப்படும். புற்றுச்செல்லை மட்டும் பார்த்து எழுதும் அறிக்கை, நோயில் பாதியைத்தான் சொல்கிறது.