பிரிவில் விளைந்த இசை

மனம் ஒன்றியவர் கூடினால்தான் நல்லிசை பிறக்கும் என்பது பொதுவான எண்ணம். அதற்கு மாறான சான்றாக நிற்பது 'ரூமர்ஸ்' என்னும் இசைத்தட்டு. 'வதந்திகள்' என்பது அப்பெயரின் பொருள். 1967இல் இலண்டனில் தோன்றிய 'பிளீட்வுட் மேக்' குழுவினர் 1977 பிப்ரவரியில் அதனை வெளியிட்டனர்.

1976இல் கலிபோர்னியாவின் சாசலிட்டோ நகர ஒலிப்பதிவுக் கூடத்தில் ஐவரும் கூடியபோது அவர்தம் இல்லறம் சிதைந்திருந்தது. பாஸ் கிதார் இசைத்த ஜான் மெக்வீயும் பியானோ இசைத்துப் பாடிய கிறிஸ்டினும் மணவாழ்வை முறித்துக்கொண்டனர். லின்ட்சி பக்கிங்காம், ஸ்டீவி நிக்ஸ் ஆகியோரின் காதலும் முறிந்தது. டிரம்ஸ் முழக்கிய மிக் பிளீட்வுட்டின் இல்லத்திலும் பிளவு நேர்ந்தது.

எனினும் எவரும் பணியை விட்டு விலகினாரில்லை. பிரிந்த காதலியைக் குறித்துப் பக்கிங்காம் இயற்றிய 'கோ யுவர் ஓன் வே' பாடலில் அக்காதலியே துணைக்குரல் கொடுத்தார். தம் புதிய அன்பைக் கிறிஸ்டின் பாடியபோது, பிரிந்த கணவரே பாஸ் கிதார் இசைத்தார். நெஞ்சம் புண்பட்டிருந்தது, விரல்கள் தாளம் தவறவில்லை.

துயரம் மட்டுமே கலையாகிவிடுமா? ஆகாது. உழைப்பே அதனைக் கலையாக்குகிறது. ஒலிநாடா தேய்ந்து ஒலி மங்கும் அளவிற்கு அவர்கள் மீண்டும் மீண்டும் போட்டுக் கேட்டுத் திருத்தினர். ஆயினும் அப்பாடல்களில் ஆரவாரம் இல்லை. நிக்ஸ் இயற்றிய 'டிரீம்ஸ்' பெரும்பாலும் இரண்டே சுரக்கூட்டுகளில் அடங்குவது. 1977இல் அமெரிக்காவில் முதலிடம் பெற்ற பாடல் அது. வெவ்வேறு இசைத்துண்டுகளை இணைத்து உருவாக்கிய 'தி செயின்', அதாவது 'சங்கிலி', ஒன்றே ஐவர் பெயரையும் ஆசிரியராகத் தாங்கியது.

அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 31 வாரங்கள் முதலிடம். 1978இல் ஆண்டின் சிறந்த இசைத்தொகுப்புக்கான கிராமி விருது. உலகெங்கும் 4 கோடிக்கு மேற்பட்ட விற்பனை! மிகுதியாக விற்பதெல்லாம் மேலான கலையன்று என்பது உண்மையே. ஆனால், மிகுதியாக விற்றது என்பதற்காகவே ஒன்றைத் தாழ்த்துவதும் நேர்மையாகாது. மாணவர் காதுகொடுத்துக் கேட்டபின் தீர்ப்பளிக்கப் பழகுதல் வேண்டும்.

2022இல் கிறிஸ்டின் மறைந்தார். ஐவரும் ஒருங்கே மேடையேறும் வாய்ப்பு அத்துடன் முடிந்தது. இசைத்தட்டிலோ, மனம் பிரிந்த அவ்வைவரும் இன்றும் சுருதி பிரியாமல் பாடிக்கொண்டிருக்கின்றனர்.