85 வெள்ளிக் கார்

வாரத்தில் ஐந்து நாள் என் கார் சிங்கப்பூரின் ஈசூனில், எங்கள் புளோக்குக்குப் பக்கத்துப் பலமாடிக் கார்நிறுத்தத்தில், தூசி படிந்து சும்மா நிற்கும். நான் காத்திப்பில் ரயில் ஏறி வேலைக்குப் போகிறவன். அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போகவும், ஞாயிறு காலை தேக்காவில் மீன் வாங்கவும்தான் கார். அது நின்றாலும் ஓடினாலும் நிறுத்துமிடத்துக்கு மாதம் 110 வெள்ளி. 1990இல் வந்த வாகன உரிமைச் சான்றிதழ் முறையில் கார் வாங்கும் உரிமையையே ஏலத்தில் எடுத்தாக வேண்டும். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான சான்றிதழ் மட்டும் 150,001 வெள்ளிக்குப் போனது. அது பத்தாண்டுக்குத்தான். இத்தனை பணத்தைக் கொட்டிவிட்டு வண்டியைச் சும்மா நிறுத்திவைப்பதைப் பார்க்க யாருக்கும் வயிறு எரியும்.

அதனால்தான் செயலி வழியாக வாடகைக்கு விடலாம் என்று தோன்றியது. தனியார் கார்களை வெள்ளி இரவு 7 மணி முதல் திங்கள் காலை 8 மணி வரையிலும், பொது விடுமுறை நாள்களிலும் வாடகைக்கு விட நிலப் போக்குவரத்து ஆணையம் ஒரு திட்டம் வைத்திருக்கிறது. எனக்குக் கார் தேவைப்படாத வார இறுதிகளில் விடலாம் என்று அதன்கீழ்தான் நான் சேர்ந்தேன். ஒரு நாளைக்கு 85 வெள்ளி என்று நானே விலை போட்டேன். நாலு வீடு தள்ளி இருக்கும் ஒரு குடும்பம், தங்களால் வாங்க முடியாத ஒன்றை இரண்டு நாள் வைத்திருக்கும். எனக்குக் கொஞ்சம் செலவு குறையும். பாஸ்டனில் 2010இல் இதே யோசனையோடு தொடங்கிய ஒரு நிறுவனம்தான் இன்று டூரோ என்ற பெயரில் பெரிதாக வளர்ந்து நிற்கிறது. யோசனை நல்லது. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

முதலில் வந்தவர்கள் அக்கம்பக்கத்தார்தான். தீபாவளிச் சந்தை விளக்குகளைப் பார்க்கப் பாட்டியைச் சிராங்கூன் சாலைக்கு அழைத்துப் போனவர்கள், சாங்கி விமான நிலையத்தில் உறவினரை ஏற்றி வரப் போனவர்கள். எல்லாம் சிறு ஓட்டம். யாரும் என்னிடம் பணத்தைப் பற்றிப் பேசியதில்லை. அவர்கள் செயலிக்கு எவ்வளவு கட்டினார்கள் என்பது என் பக்கத்துத் திரையில் தெரியாது. எனக்கு வரும் தொகை மட்டுமே தெரியும்.

பிறகு காரைக்குடிப் பக்கத்துத் தம்பி ஒருவர் வந்தார். இங்கே தொழில்நுட்பராக வேலை பார்க்கிறார். ஊரில் ஆறேழு ஆண்டு கார் ஓட்டியவர். அடிப்படைக் கோட்பாட்டுத் தேர்வு எழுதி, ஊர் உரிமத்தை இந்த ஊர் உரிமமாக மாற்றிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. மனைவி, குழந்தை, ஒரு நண்பர் குடும்பத்தோடு மலாக்கா போக வேண்டும் என்றார். சனிக்கிழமை விடிகாலை சாவி வாங்கினார். காரைச் சுற்றி வந்து ஒவ்வொரு கீறலையும் படம் எடுத்துக்கொண்டார். ஞாயிறு இரவு வண்டியைத் துடைத்துப் பளிச்சென்று கொண்டுவந்து விட்டார்.

இரண்டு நாள் கழித்துக் காப்பிக் கடையில் என்னைத் தேடி வந்தவர் முகம் வாடியிருந்தது. கைப்பேசியை மேசையில் வைத்து என் பக்கம் திருப்பினார்.

"அண்ணே, நீங்க ஒரு நாளைக்கு 85 வெள்ளின்னுதானே போட்டிருக்கீங்க?"

"ஆமா தம்பி."

"நான் 448 கட்டியிருக்கேன்."

கார் என்னுடையது என்பதால் அவ்வளவும் என் கைக்கு வந்தது என்று நினைத்திருக்கிறார். என் கார் வாடகைக்குப் போகும்போது எதிர்ப்பக்கத்து ரசீது எப்படி இருக்கும் என்று நான் முதன்முதலாகப் பார்த்தது அப்போதுதான். இருவரும் தலையைக் குனிந்து வரி வரியாகப் படித்தோம்.

வாடகை இரண்டு நாளுக்கு 170. அதற்குக் கீழே சேவைக் கட்டணம் 34. காப்புறுதி 44. புது ஓட்டுநர் கட்டணம் 40. ஊரில் ஓட்டிய ஆண்டுகளைச் செயலி கணக்கில் எடுக்கவில்லை, இங்கே உரிமம் வாங்கிய தேதியை மட்டும் பார்த்தது. நண்பரும் ஓட்டுவார் என்று பெயர் சேர்த்ததற்கு 15. மலேசியாவுக்குள் நுழைய 50. ஆக, சாவி வாங்கும் முன்பே 353. திரும்பி வந்த பிறகு இன்னும் இரண்டு: அனுமதித்த 400 கிலோமீட்டரைத் தாண்டி 130 கிலோமீட்டர் ஓடியதற்கு 65, ஒரு மணி நேரத் தாமதத்துக்கு 30. இவை போக, 300 வெள்ளி முன்பணம். அவரிடம் கடன் அட்டை இல்லை, வங்கி அட்டைதான். கடன் அட்டையில் முன்பணம் என்பது பிடித்துவைக்கும் தொகை, கையிருப்பு குறையாது. வங்கி அட்டையில் அது கணக்கிலிருந்தே வெளியே போய்விடும், திரும்பி வர நாளாகும். ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டிய வாரத்தில் அந்த 300 இல்லாமல் நண்பரிடம் கைமாற்று வாங்கினேன் என்று சொன்னபோதுதான் அவர் குரல் தடுமாறியது.

நான் என் கைப்பேசியை எடுத்து என் பக்கத்தைக் காட்டினேன். வாடகை 170இல் செயலி கால் பங்கைத் தரகாக எடுத்துக்கொண்டு எனக்கு 127 வெள்ளி 50 காசு கொடுத்திருந்தது. அவரிடமும் வாங்கி, என்னிடமும் வாங்கியிருக்கிறார்கள். ஒரே புளோக் வரிசையில் இருக்கும் எங்கள் இருவருக்கும் ஒருவர் கணக்கு மற்றவருக்குத் தெரியாது. தெரியாதபடிதான் அமைத்திருக்கிறார்கள்.

இதில் எல்லாமே அநியாயம் என்று சொல்ல மாட்டேன். காப்புறுதி இல்லாமல் முடியாது. சாதாரணத் தனியார் கார் காப்புறுதி, வண்டியை வாடகைக்கு விட்டால் கைகொடுக்காது. தனியாக ஒன்று வேண்டும், அதற்கு யாராவது காசு கட்டத்தான் வேண்டும். தூரத்துக்குக் கட்டணம் வாங்குவதும் நியாயமே, டயர் தேய்வது என் காரில். ஆனால் மலாக்கா இங்கிருந்து ஏறக்குறைய 240 கிலோமீட்டர். போய்வந்தாலே 400 தாண்டிவிடும். மலேசியாவுக்குப் போகிறேன் என்று பெட்டியில் குறியிட்டு 50 வெள்ளி கட்டிய ஆளிடம், எந்த ஊர் என்று கேட்டு, உங்களுக்குத் தூரக் கட்டணமும் வரும் என்று அந்த இடத்திலேயே ஒரு வரி சொல்ல எவ்வளவு நேரமாகும்? தாமதம் உட்லண்ட்ஸ் பாலத்து நெரிசலால் வந்தது. ஞாயிறு மாலை ஜோகூரிலிருந்து திரும்பியிருக்கும் எவரும் அதைப் புரிந்துகொள்வார்கள்.

என்னை உறுத்தியது தொகை அல்ல, அது வந்த விதம். முதல் திரையில் பெரிய எழுத்தில் 85. தேதி, பெயர், உரிமத்தின் படம், தன் முகத்தின் படம் எல்லாம் கொடுத்து, மனைவியிடம் மலாக்கா என்று சொல்லி, நண்பரிடம் பாதிப் பணம் வாங்கிய பிறகு கடைசித் திரையில் 353. அந்த நேரத்தில் எந்தக் குடும்பத் தலைவன் வேண்டாம் என்பான்? குழந்தை பையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது.

இந்த ஊரில் நமக்கு இது பழகியும் போய்விட்டது. உணவக விலைப்பட்டியலில் எண்ணுக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி இருந்தால், பத்து விழுக்காடு சேவைக் கட்டணமும் பொருள் சேவை வரியும் சேரும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அங்கே குறியாவது கண்ணில் படுகிறது. கணக்குப் போட்டுவிட்டு உட்காரலாம். செயலியில் அந்தக் குறிகூட இல்லை.

இப்படி விலையைச் சொட்டுச் சொட்டாக வெளியே விடுவதைப் பற்றிச் சிங்கப்பூர்ப் போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையம் பேசாமல் இல்லை. 2020 நவம்பர் 1 முதல் நடப்பில் இருக்கும் அதன் விலை வெளிப்படைத்தன்மை வழிகாட்டி, தவிர்க்க முடியாத கட்டணங்களைத் தொடக்கத்திலேயே தெளிவாகக் காட்டச் சொல்கிறது. வாடிக்கையாளர் கேட்காமலேயே பெட்டிகளில் குறியிட்டு வைப்பதைப் பற்றியும் அதில் இருக்கிறது. கலிபோர்னியாவில் 2024 ஜூலை 1 முதல் சட்டமே வந்துவிட்டது. அரசாங்க வரிகள் போன்ற சில விலக்குகளைத் தவிர, கட்டாயக் கட்டணங்கள் விளம்பரப்படுத்தும் விலைக்குள்ளேயே அடங்கியிருக்க வேண்டும். அமெரிக்க மத்திய அரசு 2025 மே மாதம் நடப்புக்குக் கொண்டுவந்த விதியோ நிகழ்ச்சி நுழைவுச்சீட்டு, குறுகிய காலத் தங்குமிடம் இரண்டோடு நின்றுவிட்டது. வாடகைக் கார் அதற்குள் வரவில்லை.

தம்பிக்காக நான் செயலிக்கு எழுதினேன். முன்பதிவின்போது விதிமுறைகளை ஏற்றுக்கொண்டார் என்று பதில் வந்தது. சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம் என்றேன். 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை அங்கே வழக்கறிஞர் இல்லாமலே நடத்தலாம், 5,000 வெள்ளிக்குள் என்றால் பயனீட்டாளருக்குத் தாக்கல் கட்டணம் 10 வெள்ளிதான், இரண்டாண்டு அவகாசம் உண்டு. "வேலைக்கு லீவு போட்டு அலையணும் அண்ணே, விடுங்க" என்றார். அவர் சொன்னதும் உண்மைதான். நாள் சம்பளத்தை இழந்து யார் இவ்வளவு சின்னத் தொகைக்கு வழக்காடுவார்கள்? தாமதக் கட்டணத்திலும் தூரக் கட்டணத்திலும் எனக்கு வந்த பங்கை அவர் கையில் கொடுத்தேன். வாங்க மறுத்தார். குழந்தைக்கு என்று சொல்லித் திணித்தேன்.

அதற்குப் பிறகு, யார் என் காரைக் கேட்டாலும், முன்பதிவை ஏற்பதற்கு முன் ஒரு செய்தி அனுப்புகிறேன். எங்கே போகிறீர்கள், யார் யார் ஓட்டுவார்கள், உரிமம் எடுத்து எத்தனை ஆண்டு என்று கேட்கிறேன். பதில் வந்ததும் மொத்தம் எவ்வளவு ஆகும் என்று ஒரே தொகையாகச் சொல்கிறேன். ரசீதில் எங்கேயும் எழுதியிருக்காத எக்சஸ் தொகையைப் பற்றியும் சொல்கிறேன். விபத்து நடந்தால் காப்புறுதி கொடுப்பதற்கு முன் ஓட்டியவர் தன் கையிலிருந்து கட்ட வேண்டியது அது; சில ஆயிரம் வெள்ளியாக இருக்கும். எல்லை தாண்டினால் கூடவும் செய்யலாம். சிறு இடி என்றாலும் 24 மணி நேரத்துக்குள், அல்லது அடுத்த வேலை நாளுக்குள், காப்புறுதி நிறுவனத்திடம் புகார் கொடுத்தாக வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

மலேசியா என்றால் இன்னும் கொஞ்சம் எழுத வேண்டியிருக்கிறது. நில எல்லையைக் கடக்கும் சிங்கப்பூர் வண்டியில் முக்கால் டாங்கிப் பெட்ரோல் இருந்தாக வேண்டும் என்ற விதி 1991இலிருந்து இருக்கிறது. அரை டாங்கியோடு சாவியைக் கொடுத்தால் மீதியை இங்குள்ள விலையில் நிரப்புவது எடுத்தவர் தலையில் விழும். அதனால் இப்போது முழு டாங்கியோடுதான் கொடுக்கிறேன். அக்கரையின் வாகன நுழைவு அனுமதிக்கு நானே பதிந்து வில்லையை ஒட்டிவிட்டேன். அது இல்லாத சிங்கப்பூர்க் கார்களுக்கு 2025 ஜூலை 1 முதல் 300 ரிங்கிட் அபராதம். ஒவ்வொரு நுழைவுக்கும் 20 ரிங்கிட் சாலைக் கட்டணம் உண்டு, டச் அண்ட் கோ அட்டையில் பணம் இருக்கட்டும் என்றும் எழுதுகிறேன்.

மொத்தத் தொகையைப் பார்த்துச் சிலர் விலகிவிடுகிறார்கள். போன மாதம் ஓர் அக்கா, "அப்படின்னா நாங்க பஸ்ஸிலேயே போயிடுறோம் தம்பி, சொன்னதுக்கு நன்றி" என்று பதில் அனுப்பினார். அந்த வாரம் கார் நான்காம் மாடியிலேயே நின்றது.