பழைய படகு, புது மாலுமி

படகின் பெயின்ட் இன்னும் சரியாகக் காயவில்லை. தடவிப் பார்த்த விரலில் நீலம் ஒட்டிக்கொண்டது. "போன வாரம்தான் அடித்தோம் சார், புதுப் படகு மாதிரி இல்லை?" என்றார் விற்பவர். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அட்வான்ஸ் கொடுக்கப் பைக்குள் கையை விட்டேன். கூட வந்திருந்த சுபேதார் ஒன்றும் பேசவில்லை. சட்டைப் பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்து, அதன் மரக் கைப்பிடியால் படகின் பின்பலகையைத் தட்டிக்கொண்டே போனார். டக். டக். டக். பொத்.

"எங்கே 'பொத்' என்கிறதோ, அங்கே பலகை செத்துவிட்டது தம்பி. அதை மறைக்கத்தான் பெயின்ட்."

சுபேதார் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர், வேலூர்ப் பக்கத்துக்காரர். செகந்திராபாத் கன்டோன்மென்டில் வேலைக்கு வந்து, ஊர் திரும்பாமல் தங்கிவிட்ட எத்தனையோ தமிழர்களில் ஒருவர். நான் வந்து பதினோரு ஆண்டுகள்தான் ஆகிறது. தெலுங்கையும் ஆங்கிலத்தையும் தமிழாக்கிப் பிழைப்பவன். கல்லூரியில் நாவாய், வங்கம், அம்பி, பஃறி என்று மரக்கலப் பெயர்களை மனப்பாடம் செய்து தமிழில் முதுகலைப் பட்டம் வாங்கியவன். ஆனால் நாற்பத்தாறு வயது வரை பாய் கட்டிய எதிலும் கால் வைத்ததில்லை. சென்ற மழைக்காலத்தில்தான் ஹுசேன் சாகரில் இரண்டு வாரப் பயிற்சிக்குப் போனேன். பதின்மூன்று வயது மகளைச் சேர்க்கப் போனவன், கூடவே நானும் சேர்ந்துகொண்டேன்.

ஹைதராபாத்துக்கு வருகிறவர்கள் இந்த ஏரியை டேங்க் பண்ட் சாலையிலிருந்துதான் பார்க்கிறார்கள். மாலைக் காற்று, மிளகாய் பஜ்ஜி, நடுவே நிற்கும் புத்தர். 1560களில் குதுப் ஷாஹி மன்னர் காலத்தில் வெட்டிய ஏரி என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். படகில் உட்கார்ந்து பார்த்தால் வேறு ஏரி தெரியும். தென்மேற்குப் பருவக்காற்று மேற்கே கைரதாபாத் கட்டடங்களுக்கு மேலாக வந்து இறங்குகிறது. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே பாய்ந்து வரும், ஒரு நிமிஷம் செத்துப் போகும், பிறகு வேறு பக்கத்திலிருந்து அறையும். மற்ற ஊர்களில் மழைக்காலத்தில் படகை மூடி வைப்பார்கள். இங்கே மழைக்காலம்தான் சீசன். தேசியப் போட்டிகளும் அப்போதுதான் நடக்கின்றன.

மகளுக்குக் கொடுத்தது ஆப்டிமிஸ்ட். 1947இல் அமெரிக்காவில் கிளார்க் மில்ஸ் குழந்தைகளுக்காக வரைந்த 2.3 மீட்டர் படகு. பார்வைக்குக் குளியல் தொட்டி. இரண்டாம் நாளே அவள் தனியாகப் போனாள். எனக்குக் கிடைத்தது ஒருவர் மட்டும் ஓட்டும் லேசர். அதில் இரண்டு வாரத்தில் ஏழு முறை கவிழ்ந்தேன். ஏரித் தண்ணீரின் சுவையைப் பற்றி எழுத ஆசிரியர் அனுமதிக்கமாட்டார்.

ஆனாலும் பிடித்துப் போனது. முதல் படகு புதிதாக வேண்டாம் என்பதில் பயிற்சியாளர், சுபேதார், என் மனைவி மூவருக்கும் ஒரே கருத்து. காரணங்கள்தான் வேறு. கரையில் மோதப் போகிற படகுக்கு எதற்குப் புதுப் பளபளப்பு என்றார் பயிற்சியாளர். மனைவி வங்கி டெபாசிட்டை நினைத்தார்.

இரண்டாவதாகப் பார்த்தது ஒரு லேசர். கனடாக்காரர் புரூஸ் கர்பி வரைந்தது, 4.23 மீட்டர் நீளம். 1996இலிருந்து ஒலிம்பிக்கில் இருக்கிறது. சென்னைப் பெண் நேத்ரா குமணன், 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் போட்டியிட்டது இதே உடல்மேல் சிறிய பாய் கட்டிய வகையில்தான். 2019இல் இதன் அதிகாரபூர்வப் பெயரை ஐ.எல்.சி.ஏ. என்று மாற்றினாலும் கரையில் எல்லோருக்கும் இன்னும் லேசர்தான். "உங்கள் தண்ணீரில் மற்றவர்கள் எதை ஓட்டுகிறார்களோ அதையே வாங்குங்கள்" என்பது முதல் படகு வாங்குகிறவர்களுக்கு எல்லாக் கரையிலும் சொல்லப்படும் புத்திமதி. உதிரி பாகம் கிடைக்கும், பக்கத்துப் படகைப் பார்த்துக் கற்கலாம், விற்கும்போது ஆள் தேட வேண்டாம். ஹுசேன் சாகரில் அப்படிப் பார்த்தால் லேசர்தான்.

இதில் மேலே ஒரு கீறல் இல்லை. விலையும் மலிவு. சுபேதார் ஒரு முனையையும் நான் ஒரு முனையையும் பிடித்துத் தூக்கினோம். அவர் முகம் மாறியது. லேசரின் வெற்று உடல் ஏறக்குறைய 59 கிலோ. பக்கத்தில் பழைய இரும்புக் கடைத் தராசில் ஏற்றியபோது 71 காட்டியது. உள்ளே அடைத்திருக்கும் நுரைப்பொருள் பல ஆண்டுகளாகக் குடித்த தண்ணீர் பன்னிரண்டு கிலோ! பாய்மரத்தைச் செருகும் குழியில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிவிட்டு டீ குடிக்கப் போனோம். திரும்பி வந்தபோது குழியில் பாதிதான் இருந்தது. மீதி படகின் வயிற்றுக்குள். அந்தக் குழி பலமிழந்தால் நல்ல காற்றில் மரம் மேல்தளத்தையும் பிளந்துகொண்டு சாயும்.

மூன்றாவது படகைத் தேடி நான் போகவில்லை. ஊர் மாற்றலாகிப் போகும் வங்கி அதிகாரி ஒருவர் சொல்லி அனுப்பினார். அவருடையது எண்டர்பிரைஸ். 1956இல் இங்கிலாந்தில் ஜாக் ஹோல்ட் வரைந்த வகை, நான்கு மீட்டருக்குச் சற்றே கூடுதலான நீளம், நீலப் பாய்கள், இருவர் ஓட்டுவது. 1982 டெல்லி ஆசிய விளையாட்டின் பாய்மரப் போட்டிகள் மும்பையில் நடந்தபோது, இந்த வகையில் தங்கம் வென்றவர்கள் பாகிஸ்தானின் பைராம் அவாரியும் அவர் மனைவி கோஷ்பியும். இந்தக் கதையை வீட்டில் சொல்லி, ஆவலோடு மனைவியின் முகத்தைப் பார்த்தேன். "எனக்குக் கரையே போதும். அவளைக் கூட்டிப் போங்கள்" என்றார்.

அதுதான் விஷயம். லேசர் வாங்கினால் ஒருவர் ஏரியில், ஒருவர் கரையில். மகள் இன்னும் நான்கைந்து ஆண்டுகளில் கல்லூரிக்கு வேறு ஊர் போய்விடுவாள். எண்டர்பிரைஸ் வாங்கினால் போட்டிக்குத் துணை கிடையாது, உடைந்தால் ஊர் ஊராக உதிரி பாகம் தேட வேண்டும். புத்திமதியைக் கேட்பதா, மகளோடு போவதா? மூன்று நாள் யோசித்தேன் என்று எழுதினால் மரியாதையாக இருக்கும். உண்மையில் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

ஆனால் குழந்தையை ஏற்றப் போகிறோம் என்றதும் சுபேதாரின் சோதனை இரண்டு மடங்கானது. படகின் இரு பக்கமும் இருக்கைபோல நீளும் மூடிய காற்றறைகள் உண்டு. கவிழ்ந்தால் படகை மிதக்க வைப்பவை அவைதான். மூடிகளை இறுக்கி, வடிகால் துளையில் வாய் வைத்து மெதுவாக ஊதச் சொன்னார். தையல்களில் சோப்பு நீரைத் தடவினார். இடது அறையில் ஓரிடத்தில் நுரை கொப்பளித்தது. "இதை அடைத்துத் தந்தால் பேசுவோம்" என்றார். அடைத்துத் தந்தார்கள்.

மரத்தைத் தாங்கும் கம்பி வடங்களைத் துணியால் உருவினார். பிரிந்த இழை இருந்தால் துணியில் மாட்டும். ஒன்று மாட்டியது. பாயை வெயிலுக்கு நேரே பிடித்தார். புதுப் பாய் கையில் காகிதம்போலச் சலசலக்கும். இது ஐம்பது முறை துவைத்த வேட்டிபோலத் தொங்கியது. "கற்றுக்கொள்ள இது போதும். ஓராண்டு கழித்து மாற்று." நடுவே கீழிறங்கும் சென்டர்போர்டைப் பார்த்தார். அதன் கீழ் விளிம்பு முழுக்க வெட்டுக்காயம். ஆண்டுதோறும் இந்த ஏரியில் கரைக்கப்பட்ட பிள்ளையார்களின் இரும்புச் சட்டங்களில் எல்லாவற்றையும் கிரேன்கள் அள்ளிவிடுவதில்லை. ஏரித் தண்ணீர் நன்னீர் என்பதால் உலோகச் சாமான்கள் பிழைத்திருந்தன. மும்பையிலோ சென்னையிலோ வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது உப்பு தின்ற ஆணிகளை.

கடைசிச் சோதனையை விற்பவர் எதிர்பார்க்கவில்லை. "தண்ணீரில் கவிழ்க்க வேண்டும்" என்றார் சுபேதார். கரையோரம் இடுப்பளவு நீரில் பக்கவாட்டில் சாய்த்துப் பத்து நிமிஷம் பிடித்துக்கொண்டு நின்றோம். படகு தன் கனத்தைத் தானே தாங்கியது. தூரத்தில் புத்தர் தெரிந்தார். 1990 மார்ச்சில் அந்தச் சிலையை ஏற்றி வந்த மிதவை சாய்ந்து 10 பேர் இறந்தார்கள். 1992 டிசம்பரில்தான் சிலையை மேலே எடுத்து நிறுத்தினார்கள். அதைப் பற்றி நான் கேட்டபோது, "இந்த ஏரி ஆழம் இல்லை தம்பி. அப்படி நினைக்கிறவர்கள்தான் மூழ்குகிறார்கள்" என்றார்.

விலை ரூ. 45,000 சொன்னார்கள். வடத்தையும் பாயையும் காட்டிப் பேசி, தள்ளுவண்டியும் இரண்டு மிதவை ஜாக்கெட்டுகளும் சேர்த்து ரூ. 38,000க்கு முடிந்தது. படகு நிறுத்தக் கரையில் மாத வாடகை தனி. வாங்கும் உற்சாகத்தில் நான் அதைக் கேட்கவே இல்லை. படகு வாங்கப் போகும் வாசகர்கள் முதலில் அதைக் கேளுங்கள்.

அடுத்த ஞாயிறு காலை ஏழு மணிக்கு இறங்கினோம். சுக்கான் என்னிடம், முன்பாயின் கயிறு மகளிடம். சுபேதார் கரையில். கைரதாபாத் பக்கமிருந்து காற்று சீராக வந்தது. நீலப் பாய்கள் நிறைந்து, படகின் அடியில் தண்ணீர் சலசலக்கத் தொடங்கியபோது, இதற்கு முன் பார்த்த இரண்டு படகுகளும் மறந்து போயின. புத்தருக்குப் பாதி தூரம் போயிருப்போம்.

"அப்பா, படகு ஒரு பக்கமாகச் சாய்கிறது."

காற்று என்றேன். காற்று எதிர்ப் பக்கம் என்றாள் அவள். பார்த்தேன். வலது பக்கம், நான் உட்கார்ந்திருந்த பக்கம், தண்ணீரில் அழுந்திக்கொண்டே போனது. மகளை இடது பக்கம் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டுச் சுக்கானைத் தள்ளினேன். படகு திரும்ப மறுத்து, பிறகு எருமைபோல மெதுவாகத் திரும்பியது. கரையில் சுபேதார் இரண்டு கைகளையும் ஆட்டிக் கத்துவது தெரிந்தது. ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. இந்த நேரத்தில் ஒரு வேகக் காற்று அறைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அன்றிரவு படுக்கையில்தான் யோசித்தேன். மகள் முன்பாயை அவளாகவே தளர்த்தியிருந்தாள். நான் சொல்லவில்லை.

கரை தட்டியதும் சுபேதார் முழங்கால் தண்ணீரில் இறங்கி வந்தார். சட்டைப் பையிலிருந்து கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக் மூடி ஒன்றை எடுத்து நீட்டினார். வலது காற்றறையின் வடிகால் மூடி. தள்ளுவண்டியிலேயே விட்டுவிட்டு இறங்கியிருக்கிறேன். படகை மேலே இழுத்துப் பின்பக்கம் தாழ்த்தி வைத்தோம். துளையிலிருந்து தண்ணீர் கொட்டியது. மகள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கொட்டி முடிக்க ஒன்பது நிமிஷம் ஆனது.