எங்கள் ஊர்ப் பெண்

ஆவூருக்கும் கொடும்பாளூருக்கும் இடைப்பட்ட சிற்றூரொன்றில் பிறந்தவன் நான். பெரியநாயகி மாதா வீற்றிருக்கும் ஆவூர் எங்கள் பக்திக்கு உரிய ஊர். கொடும்பாளூரோ என் அன்னையின் கற்பனைக்கு உரிய ஊர். 'பொன்னியின் செல்வன்' வானதி அவ்வூர் வேளிர் குலத்து இளவரசியல்லவா? 'எங்கள் ஊர்ப் பெண்' என்றுதான் அம்மா அவளைக் குறிப்பிடுவார்.

'கல்கி' இதழில் 1950 அக்டோபரில் தொடங்கிய அத்தொடர் 1954 மே மாதத்தில் நிறைவுற்றது. பதினான்கு வயதில் வாசிக்கத் தொடங்கிய அம்மா, வாரந்தோறும் தாள்களைப் பிரித்தெடுத்து, சாக்குத் தைக்கும் ஊசியால் கோத்து, ஐந்து கட்டுகளாக்கி வைத்திருந்தார். மணமாகி வந்தபோது தகரப் பெட்டியில் புடைவைகளுக்கு அடியில் அவையும் வந்தன. நாங்கள் உறங்குமுன் கேட்ட கதைகள் இரண்டே வகை: ஒன்று புனிதர் வரலாறு, மற்றொன்று வந்தியத்தேவன் வரலாறு. சில இரவுகளில் இரண்டும் கலந்துவிடுவதும் உண்டு!

கொடும்பாளூர் மூவர் கோயிலில் இன்று இரண்டு விமானங்களே நிற்கின்றன. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டுமே எஞ்சியுள்ளது. சிறுவனாக அங்குச் சென்றபோது, அந்த வெற்றுத் தளத்தின்மேல் அமர்ந்துதான் அம்மா கட்டுச்சோற்றைப் பிரித்தார். "மூன்றாவது எங்கே அம்மா?" என்றேன். "நீயே கட்டிக்கொள்" என்றார்.

கல்கி 1954 டிசம்பர் 5-ஆம் நாள் மறைந்தார். பின்னர், 'அமுதசுரபி' ஆசிரியராகப் பல்லாண்டு பணியாற்றிய விக்கிரமன், அக்கதையின் தொடர்ச்சியாக 'நந்திபுரத்து நாயகி'யை எழுதினார். அம்மா அதைத் தொடவே இல்லை. சிங்காதனம் ஏறமாட்டேன் என்று வானதி சபதம் செய்தாளே, அது என்னவாயிற்று என்று அறிய ஆவலில்லையா என்று கேட்டேன். "அவள் சபதம் செய்ததோடு என் கதை முடிந்தது, தம்பி. அதன்பின் அவள் என்ன பாடுபட்டாளோ, அது எனக்குத் தெரியவேண்டாம்" என்றார். முப்பத்தைந்து வயதில் கணவரை இழந்து எங்கள் மூவரையும் ஆளாக்கியவர் அவர். அந்த மறுமொழிக்குப்பின் நான் வற்புறுத்தவில்லை.

தொடர்ச்சி நூல்கள் எல்லாமே இப்படி அஞ்சத்தக்கவையா என்ன? புனித லூக்கா நற்செய்தியோடு நிறுத்தியிருந்தால், நமக்கு அப்போஸ்தலர் பணி கிடைத்திராது. அதே தியோபிலுக்குத்தான் இரண்டாம் நூலையும் அவர் எழுதினார். கத்தோலிக்கரான டோல்கீனிடம் 'ஹாபிட்' கதைக்குத் தொடர்ச்சி கேட்டார்கள். முதல் நூல் வெளியான 1937-க்குப் பின் பதினேழு ஆண்டுகள் கழித்தே அத்தொடர்ச்சி வெளிவரத் தொடங்கியது. அவ்வளவு காலம் காத்திருந்த குழந்தைகள் குழந்தைகளாகவா இருந்திருப்பார்கள்?

அம்மாவுக்குப் பார்வை மங்கியபின் ஒருநாள், "அந்த விக்கிரமன் புத்தகம் கிடைக்குமா?" என்று அவரே கேட்டார். செபமாலை முடிந்ததும் நாள்தோறும் பத்துப் பக்கம் வாசித்துக் காட்டினேன். உண்மையைச் சொன்னால், எனக்கு ஏமாற்றமாகவே இருந்தது. விக்கிரமன் கருத்தோடு உழைத்திருக்கிறார். ஆயினும் நம் தோள்மீது கைபோட்டுப் பேசும் கல்கியின் குறும்பை நான் வரிக்கு வரி தேடினேன். அம்மாவோ வழக்காடினார். "வந்தியத்தேவன் இப்படிப் பேசமாட்டான்! திரும்பப் படி." திரும்பப் படிப்பேன். "இல்லை தம்பி, பேசமாட்டான். சரி, மேலே போ." இந்த வழக்கில் பத்துப் பக்கம் ஐந்தாகச் சுருங்கியது. ஆனால் வாசிப்பை நிறுத்தச் சொன்னதேயில்லை.

பாதி நூலைக் கடந்த நிலையில் ஆண்டவர் அவரை அழைத்துக்கொண்டார். பக்க அடையாளமாக ஒரு மாதா படத்தை அவரே வைத்திருந்தார்.

2022-லும் 2023-லும் 'பொன்னியின் செல்வன்' இரு பாகங்களாகத் திரைப்படமாக வந்தபோது, என் பேத்தி அந்தக் கட்டுகளைக் கேட்டு வாங்கிச் சென்றாள். நந்திபுரத்து நாயகியை மட்டும் நான் கொடுக்கவில்லை. அம்மாவின் முப்பதாம் நாள் பூசை முடிந்த மாலையிலேயே அதை எடுத்தேன். படத்தை அசைக்காமல், அடுத்த பக்கத்திலிருந்து கடைசிவரை வாய்விட்டே வாசித்தேன். பல இடங்களில் வந்தியத்தேவன் அப்படிப் பேசியிருக்கமாட்டான் என்று எனக்கும் தோன்றியது. ஒவ்வோரிடத்திலும் சற்று நிறுத்தி, திரும்பப் படித்துவிட்டு, மேலே போனேன்.